ரிப்பிள் ராக் படகுச் சவாரி: டிக்கெட் எடுக்கும் முன் நீர் நிற்கும் நேரத்தைக் கேளுங்கள்

கனடாவின் மேற்குக் கரையில், வான்கூவர் தீவில் இருக்கும் கேம்ப்பெல் ரிவர் ஊரிலிருந்து சீமோர் நேரோஸ் நீரிணைக்குக் கூட்டிப் போகும் படகுச் சவாரியில் இதுவரை இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை கொடுத்த பணம் வீண். இரண்டாவது முறை போய் வந்து மூன்று வாரம் ஆகிறது, வீட்டில் இன்னும் அதே பேச்சுதான். வான்கூவர் பக்கம் இருக்கும் நம் ஆட்கள் பலரும் தீவுக்குப் போனால் விக்டோரியா, புட்சார்ட் தோட்டம் என்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வடக்கே இப்படி ஒன்று இருப்பது தெரிந்தவர்கள் குறைவு, தெரிந்து போனவர்களிலும் பாதிப் பேர் நான் முதலில் ஏமாந்த மாதிரி ஏமாந்துதான் வந்திருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். வான்கூவர் தீவுக்கும் அதன் கிழக்கே இருக்கும் குவாட்ரா தீவுக்கும் நடுவில் கடல் முக்கால் கிலோமீட்டர் அகலத்துக்குச் சுருங்கும் இடம் சீமோர் நேரோஸ். வான்கூவரிலிருந்து அலாஸ்கா போகும் கப்பல்களுக்கு உள்வழி அதுதான். அந்த இடுக்கின் நட்டநடுவில் இரண்டு கொடுமுடிகளோடு ஒரு பாறை இருந்தது, பேர் ரிப்பிள் ராக். உயரமான முடி, கடல் தண்ணீர் இறங்கும் வற்றத்தின்போது தண்ணீருக்குக் கீழே 2.7 மீட்டர்தான். எங்கள் பாம்பன் பக்கம் கடலுக்கடியில் இருக்கும் இப்படிப்பட்ட பாறையைப் 'பார்' என்போம். ஆனால் எங்கள் பாருக்கு மேலே ஓடும் தண்ணீர் இந்தத் தண்ணீர் இல்லை. சீமோர் நேரோஸில் நீரோட்டம் உச்சத்தில் 15 நாட், அதாவது மணிக்கு 28 கிலோமீட்டர் வரை போகும். பாம்பன் பாலத்துக்கு அடியில் ஓடும் நீவாட்டை, அதாவது நீரோட்டத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கே முதல் தடவை இந்த எண்ணைப் படித்தபோது அச்சுப்பிழையோ என்று தோன்றியது.

1875-ல் அமெரிக்கக் கடற்படையின் சரனாக் என்ற துடுப்புச்சக்கர நீராவிக் கப்பல் இதில் மோதி மூழ்கியது. ஆட்கள் தப்பினார்கள். அடுத்தடுத்த வருஷங்களில் மோதியவர்கள் எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. பெரியதும் சிறியதுமாக நூற்றுக்கும் மேற்பட்ட கலங்கள், நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள். கடைசியில் 1958 ஏப்ரல் 5-ஆம் தேதி காலை 9:31 மணிக்கு அந்தப் பாறையின் தலையை வெடிவைத்துத் தகர்த்தார்கள். இந்தச் சவாரியே அந்த இடத்தைப் பார்க்கத்தான்.

சரி, முதல் முறை என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

போன வருஷம் ஜூலையில் போனோம். நான், மனைவி, மகள், மச்சான் என்று நாலு பேர். சர்ரேயிலிருந்து விடிகாலையில் கிளம்பி, ஹார்ஸ்ஷூ பேயில் ஃபெர்ரி ஏறி நனைமோவில் இறங்கி, அங்கிருந்து வடக்கே 150 கிலோமீட்டர் சொச்சம் கார் ஓட்டினால் கேம்ப்பெல் ரிவர். படகு நிறுவனத்தின் பேரைச் சொல்லப் போவதில்லை, எனக்குப் பேர் முக்கியமில்லை, தவறுதான் முக்கியம். ஒரு ஆளுக்கு நூற்றைம்பது டாலருக்கு மேல் வாங்கினார்கள். விளம்பரத்தில் பெரிய பெரிய சுழிகள், நுரை தள்ளும் தண்ணீர், சிவப்பு உடுப்பில் சிரிக்கும் மனிதர்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் கோயில் தெப்பக்குளம் மாதிரி கிடந்தது. ஒரு நெளிவு இல்லை. படகோட்டி கையை நீட்டி, இங்கேதான் அந்தப் பாறை இருந்தது, 1958-ல் உடைத்தார்கள் என்று சொல்லிவிட்டு, கடல்சிங்கம் பார்க்கலாம் வாருங்கள் என்று படகைத் திருப்பிவிட்டார். மொத்தமாக அந்த இடத்தில் நின்றது நாலு நிமிடம் இருக்கும். மகள் என் முகத்தைப் பார்த்தாள், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அப்புறம் வீட்டுக்கு வந்து விசாரித்தபோதுதான் விஷயம் புரிந்தது. இந்த இடுக்கில் தண்ணீர் ஒரு நாளில் பல தடவை திசை மாறுகிறது. ஏற்றத்தில் தெற்கே ஓடும், வற்றத்தில் வடக்கே ஓடும். (தீவின் வடமுனையைச் சுற்றிக்கொண்டு ஏற்றம் வருவதால் அப்படி. முதலில் கேட்கும்போது தலைகீழாகத்தான் தோன்றும்.) திசை மாறும்போது நடுவில் ஒரு பத்துப் பதினைந்து நிமிடம் தண்ணீர் அப்படியே நிற்கும். கப்பல்கள் எல்லாம் அந்த இடைவெளிக்காகக் காத்திருந்துதான் கடக்கும். நீர் நின்ற அந்த நேரத்தைத்தான் எங்களுக்குக் காட்டியிருக்கிறார்கள். அவர்களுக்கு அது சௌகரியமான நேரம், எரிபொருளும் மிச்சம். கனடா அரசின் நீரோட்ட அட்டவணையில் சீமோர் நேரோஸுக்கு ஒவ்வொரு நாளும் நீர் நிற்கும் நேரம், உச்ச வேகம் எல்லாம் நிமிடக் கணக்கில் போட்டிருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதைப் பார்த்துத் தேதி சொல்லாமல் டிக்கெட் விற்பது சரியில்லை. மின்னஞ்சல் போட்டேன், இயற்கை எங்கள் கையில் இல்லை என்று பதில் வந்தது. இயற்கையை அட்டவணை போட்டே அச்சடித்து வைத்திருக்கிறார்களே, அதைப் பார்க்காததுதான் என் குறை.

இந்த வருஷம் நானே அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பௌர்ணமியை ஒட்டிய இரண்டு நாட்களைக் குறித்துக்கொண்டு, மூன்று இடத்துக்குப் போன் போட்டேன். எல்லோரிடமும் ஒரே கேள்விதான்: நீர் நிற்பதற்குக் கொஞ்சம் முன்னாலேயே போய்ச் சேர்ந்து, அது திரும்பி ஓட ஆரம்பித்து வேகம் பிடிக்கும் வரை அங்கேயே நிற்பீர்களா? இரண்டு பேருக்குக் கேள்வியே பிடிக்கவில்லை. மூன்றாவதாகப் பேசிய பெண்மணி, அதுதானே சரியான முறை என்றார். இடம் போட்டுவிட்டேன். கட்டணம் முதல் தடவையைவிட இருபது டாலர் கூடுதல்.

படகு ஏறும் முன் உடுப்பு மாட்டும் இடத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. முதல் தடவை ஆளுக்கொரு உயிர்காப்புச் சட்டையை வீசினார்கள், அவ்வளவுதான். இங்கே முழு உடம்பையும் மூடும் மிதவை உடுப்பு, ஜிப்பைக் கழுத்து வரை படகோட்டியே இழுத்துச் சரி பார்த்தார். இந்தக் கடல் கோடையிலும் பத்து டிகிரி சொச்சம்தான், விழுந்தால் நீச்சல் தெரியும் என்பதெல்லாம் உதவாது என்று சிரிக்காமல் சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது. ரப்பர் விளிம்பு வைத்த படகு, பன்னிரண்டு பேர். குதிரையில் உட்காருகிற மாதிரி காலை இரண்டு பக்கமும் போட்டு உட்காரும் இருக்கை. முதுகுவலி இருக்கிறவர்களுக்கு இது சரிப்படாது, முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

நேரோஸுக்குள் நுழையும்போது நீர் நிற்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. மரக்கட்டை ஏற்றிய பார்ஜை (தட்டையான சரக்குப் படகு) இழுத்துக்கொண்டு ஒரு இழுவைப் படகு எங்களுக்கு முன்னால் மெதுவாகக் கடந்தது, அதுவும் இந்த நேரத்துக்காகத்தான் காத்திருந்ததாம். படகோட்டி எஞ்சினைக் குறைத்து, ஆழம் காட்டும் கருவியின் திரையை எல்லோரும் பார்க்கிற மாதிரித் திருப்பி வைத்தார். அந்தக் காட்சியை மறக்க முடியாது. எண்பதுக்கு மேலே இருந்த எண், அறுபது ஆனது, நாற்பது ஆனது, சட்டென்று இருபதுக்குக் கீழே இறங்கியது. திரையில் அடிநிலம் சுவர் மாதிரி எழும்பி எங்கள் படகை நோக்கி வந்தது. வெளியே பார்த்தால் வெறும் பச்சைத் தண்ணீர். அந்த எண் அப்படியே நிற்க, இப்போது நாம் பாறையின் மேலே இருக்கிறோம் என்றார். வெட்டுப்பட்ட கழுத்தின் மேலே. வெடிக்குப் பிறகு வற்றத்திலும் சுமார் 14 மீட்டர் தண்ணீர் இருக்கிறது. அதற்கு முன்னால் இதே இடத்தில், இதே வற்றத்தில், ஒரு ஆள் மேல் ஒரு ஆள் நின்றால் தலை வெளியே தெரிந்திருக்கும்.

அவர் கதையைச் சொல்ல ஆரம்பித்தது அங்கேதான். படகு அசையாமல் நிற்க, எஞ்சின் மெல்ல உறும. நான் தொழிலில் சர்வேயர், சாலை, சுரங்கவழி வேலைகளில் இருபது வருஷம் ஆகிறது, அதனால் எனக்குக் காது இரண்டும் அவர் பக்கமே இருந்தது.

1940-களில் முதலில் எல்லோருக்கும் தோன்றுகிற வழியில்தான் போயிருக்கிறார்கள். பாறைக்கு மேலே துளை போடும் பார்ஜைக் கொண்டுபோய் நிறுத்தி, மேலிருந்து துளைத்து, வெடிமருந்தை இறக்கி, கொஞ்சம் கொஞ்சமாக உடைப்பது. கரையோரக் கடலில் இன்றைக்கும் பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறார்கள், அமைதியான துறைமுகத்தில் இது நன்றாகவே நடக்கும். ஆனால் துளைபோடும் கம்பி பாறைக்குள் இருக்கும்போது பார்ஜ் கையளவு நகர்ந்தாலும் கம்பி வளைந்து மாட்டிக்கொள்ளும், துளை போச்சு. அந்தப் பார்ஜை நிறுத்துவதற்கு மொத்தம் ஆயிரம் டன் எடையில் கான்கிரீட் நங்கூரங்களை இறக்கி, உருக்குக் கம்பிவடத்தால் கட்டியிருக்கிறார்கள். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு ஒரு வடம் என்ற கணக்கில் அறுந்துகொண்டே இருந்ததாம். அடுத்த தடவை நங்கூரம் வேண்டாம் என்று, இடுக்கின் குறுக்கே ஆகாயத்தில் உருக்கு வடம் இழுத்துக் கட்டி அதில் பார்ஜைப் பிடித்து வைத்துப் பார்த்தார்கள். 1500 வெடிகள் திட்டம். 139-லேயே கைவிட்டார்கள்.

இதைச் சொன்னபோது படகில் யாரோ, பிறகு எப்படித்தான் செய்தார்கள் என்று கேட்டார். அவர் கையைக் கிழக்கே நீட்டினார். சின்ன, மரங்கள் அடர்ந்த மோட் தீவு. அங்கிருந்து தொடங்கினார்கள். தண்ணீரோடு மல்லுக்கட்டுவதையே விட்டுவிட்டார்கள்.

தீவின் தரையில் நேர்குத்தாக 174 மீட்டருக்கு ஒரு கிணறு இறக்கினார்கள். அங்கிருந்து கடலுக்கு அடியில், பாறைக்குள்ளேயே, 720 மீட்டருக்குக் கிடையாக ஒரு சுரங்கம். ரிப்பிள் ராக்கின் அடிவாரத்துக்கு வந்ததும் அங்கிருந்து மேல்நோக்கி 91 மீட்டருக்கு இரண்டு செங்குத்துச் சுரங்கங்கள், முடிக்கு ஒன்றாக. உச்சிக்குப் பக்கத்தில் அவற்றிலிருந்து கிளைகிளையாகக் குறுகிய பொந்துகள், ஆள் குனிந்து போகிற அளவுக்கு. அந்தப் பொந்துகளில்தான் வெடிமருந்து. 75 பேர், நாளைக்கு மூன்று ஷிப்ட், 1955 நவம்பரில் தொடங்கி 1958 ஏப்ரல் வரை. மொத்தச் செலவு முப்பத்தோரு லட்சம் டாலருக்கு மேல்.

சர்வே தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கிணற்றின் அடியில் நின்றுகொண்டு பாறை எந்தத் திசையில் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? மேலே சூரியன் இருக்கிறது, எதிர்க்கரை இருக்கிறது, கீழே ஒன்றும் கிடையாது. அந்தக் காலச் சுரங்க சர்வேயில் வழக்கமாகக் கிணற்றுக்குள் இரண்டு தூக்குநூல் கம்பிகளைத் தொங்கவிட்டு, மேலே அவை காட்டும் திசையைக் கீழே கொண்டுவருவோம். இரண்டு கம்பிக்கும் நடுவில் இரண்டு மீட்டர் இருக்கிறது என்று வையுங்கள். கீழே ஒரு கம்பி ஒரு மில்லிமீட்டர் தள்ளி நின்றால் போதும், 720 மீட்டர் தாண்டிப் போகும்போது சுரங்கம் 36 சென்டிமீட்டர் விலகியிருக்கும். கிணற்றில் சொட்டும் தண்ணீர், காற்றோட்டம், எல்லாம் கம்பியை ஆட்டும். பக்கவாட்டில் விலகினாலாவது சரிசெய்யலாம். மேல்நோக்கிப் போகும்போது பாறையின் தோலைக் கிழித்துவிட்டால் கடல் உள்ளே வந்துவிடும். தலைக்கு மேலே எத்தனை மீட்டர் பாறை மிச்சம் என்று தெரிந்துகொண்டே ஒவ்வொரு அடியும் ஏறியிருக்க வேண்டும். நான் அந்தப் பச்சைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றபோது இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பொத்தானை அழுத்திய மனிதரைவிட, இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு ராத்திரி தூங்கப் போன மனிதர்தான் எனக்குப் பெரிய ஆள்.

1,270 டன் வெடிமருந்து. தரையில் இதே அளவு பாறைக்குத் தேவைப்படுவதைப்போல் பத்து மடங்கு என்று சொல்கிறார்கள். காரணம் இருக்கிறது. தரையில் பாறை பிளந்தால் போதும், பிறகு இயந்திரம் வைத்து அள்ளிக்கொள்ளலாம். இங்கே மேலே நிற்கும் தண்ணீரின் கனத்தையும் சேர்த்துத் தூக்க வேண்டும், பாறை நொறுங்கித் தூள்தூளாகி இரண்டு பக்கத்துப் பள்ளங்களிலும் போய் விழ வேண்டும். அதே இடத்தில் குவிந்து கிடந்தால் கப்பலுக்கு மறுபடியும் மேடுதான். அள்ளி எடுக்க எந்த இயந்திரத்தையும் அந்த நீரோட்டத்தில் நிறுத்த முடியாதே, ஒரே வெடியில் முடிந்தாக வேண்டும். சுற்றிலும் 5 கிலோமீட்டருக்குப் போலீஸ் ஆட்களை அப்புறப்படுத்தியது. படம் பிடிக்க வந்தவர்கள் பதுங்குகுழியில். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட டன் பாறையும் தண்ணீரும் எழும்பி, சிதறல்கள் 300 மீட்டர் உயரம் போய் இரண்டு கரையிலும் விழுந்தன. கனடாவில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டப்பட்ட முதல் சில நிகழ்ச்சிகளில் இது ஒன்று.

அடியில் குடைந்து போகும் யோசனை இவர்களுக்கு முன்னாலேயே நியூயார்க்கில் வந்திருக்கிறது. ஹெல் கேட் என்ற இடத்தில் அமெரிக்க ராணுவப் பொறியாளர் ஜெனரல் ஜான் நியூட்டன் இப்படித்தான் கடல்பாறைகளை அடியில் குடைந்து 1876-லும் 1885-லும் தகர்த்தார். இரண்டாவது தடவை, ஃப்ளட் ராக் வெடிக்கு, சுமார் 136 டன். அதிர்வு பக்கத்து மாநிலத்தில் இருக்கும் பிரின்ஸ்டன் வரை தெரிந்தது. மின்சுற்றின் விசையை அழுத்தியது அவருடைய சின்ன மகள் மேரி. படகோட்டிக்கு இது தெரியவில்லை, நான் சொன்னதும் குறித்துக்கொண்டார். அடுத்த சவாரியில் சொல்வார் என்று நினைக்கிறேன்.

இதற்குள் தண்ணீர் திரும்பிவிட்டது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. எண்ணெய் ஊற்றிய மாதிரி வழவழப்பாக ஒரு வட்டம் தண்ணீருக்குள்ளிருந்து எழும்பி விரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. இருபது நிமிடத்தில் படகு நிற்கவே எஞ்சினுக்கு வேலை கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு மணி நேரத்தில் நான் முதல் வருஷம் பார்த்த தெப்பக்குளம் காணோம். ஓரத்தில் ஒரு சுழி, எங்கள் படகைவிட அகலம், நடுவில் குழி. கிளையோடு மிதந்து வந்த ஒரு மரத்துண்டு, இரண்டு ஆள் நீளம் இருக்கும், அதன் விளிம்பில் சுற்றிக்கொண்டே வந்து, நடுவில் நட்டுக்குத்தலாக நிமிர்ந்து, அப்படியே உள்ளே போனது. சத்தமே இல்லை. மகள் எண்ணினாள், பதினாறு எண்ணும் வரை வெளியே வரவில்லை. வந்தபோது எங்கோ தூரத்தில், அம்பு மாதிரி எகிறி விழுந்தது. மச்சான் அதற்குப் பிறகு கைப்பிடியை விடவே இல்லை.

பாறையை எடுத்த பிறகும் இப்படி என்றால் எடுப்பதற்கு முன் எப்படி இருந்திருக்கும் என்று கேட்டேன். பாறை இருந்தபோது தண்ணீர் அதில் மோதிப் பிளந்து, பின்னால் பெரிய சுழிகள் உண்டாகும், சின்னப் படகுகளை இழுத்தது அதுதான் என்றார். இடுக்கு இருக்கிற வரை நீரோட்டம் இருக்கும், அதை எந்த வெடியும் மாற்றாது. ஆனால் இன்றைக்கும் நேரம் பார்க்காமல் சின்னப் படகில் வருகிறவர்கள் உண்டாம். வேண்டாம்.

மீனைப் பற்றியும் கேட்டேன், ஏனென்றால் அன்று காலையில் அப்பாவிடம் போனில் இப்படிப் போகிறோம் என்று சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். "பாரை உடைச்சுட்டா மீன் எங்கடா போய் அடையும்?" நாற்பது வருஷம் பார் தேடித் தேடி வலை போட்டவர். அவருக்குப் பார் என்றால் கடலின் வீடு. தோட்டா, அதாவது வெடி, போட்டு மீன் பிடிக்கிறவர்களை அவர் மன்னித்ததே கிடையாது. வெடி அலை தண்ணீரில் போகும்போது மீனின் காற்றுப்பை சட்டென்று அமுங்கி, விரிந்து, கிழிந்துபோகும். மேலே மிதப்பதைத்தான் அவர்கள் அள்ளுவார்கள், அதைவிட அதிகம் அடியில் போய்விடும், குஞ்சும் முட்டையும் சேர்த்து.

படகோட்டி இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கவில்லை. மருந்து திறந்த தண்ணீரில் இல்லாமல் பாறைக்குள் ஆழத்தில் அடைத்து வெடித்ததால் தண்ணீருக்குள் போன அடி தோட்டா போடுவதைப்போல் இருந்திருக்காது, ஆனால் ஒன்றுமே ஆகவில்லை என்று நான் சொல்ல மாட்டேன் என்றார். இன்றைக்குக் கனடாவில் மீன் வாழும் நீருக்குப் பக்கத்தில் வெடிவைப்பதற்கு மீன்வளத் துறை 1998-லேயே வரையறை போட்டிருக்கிறது: மீனின் காற்றுப்பையில் அழுத்த மாற்றம் 100 கிலோபாஸ்கலைத் தாண்டக் கூடாது. அதற்காகவே இப்போது கரையோர வேலைகளில் துளைகளை ஒரே நேரத்தில் வெடிக்காமல் மில்லிசெகண்டு இடைவெளி விட்டு விட்டு வெடிக்கிறார்கள், சுற்றிலும் அடியில் குழாய் போட்டுக் காற்றுக்குமிழித் திரை எழுப்புகிறார்கள், மீன் முட்டையிடும் மாதங்களை விட்டுவிடுகிறார்கள். அன்றைக்கு இந்த விதி இருந்திருந்தால் ஒரே வெடி என்ற யோசனைக்கு அனுமதி கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான். இவ்வளவு நேர்மையாகப் பேசும் சுற்றுலா வழிகாட்டியை நான் அதிகம் பார்த்ததில்லை, இந்தச் சவாரிக்கு நான் மதிப்பெண் போடுவது முக்கியமாக இதற்குத்தான்.

குறையும் உண்டு. எஞ்சின் சத்தத்தில் பின் இருக்கையில் இருப்பவர்களுக்குப் பாதிப் பேச்சு கேட்கவில்லை, என் மனைவி வழியெல்லாம் என்ன சொன்னார் என்ன சொன்னார் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். ஒரு சின்ன ஒலிபெருக்கி வைக்கலாம். சுரங்கத்தின் குறுக்குவெட்டுப் படம் ஒன்றை லேமினேட் செய்து கையில் கொடுத்திருந்தால் குழந்தைகளுக்குச் சட்டென்று புரிந்திருக்கும், கையை ஆட்டி விளக்குவதில் 174-ம் 720-ம் மனசில் நிற்காது. மூன்றரை மணி நேரம் கழிப்பறை கிடையாது. கொறிக்கக் கொடுத்த பிஸ்கட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

போகிறவர்கள் காலையில் ஊருக்குள் இருக்கும் கேம்ப்பெல் ரிவர் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டுப் படகு ஏறுங்கள். அங்கே சின்னத் திரையரங்கில் அந்த வெடியின் படத்தைப் போட்டுக் காட்டுகிறார்கள். நாங்கள் மறுநாள்தான் போனோம், முந்தி போயிருந்தால் படகில் இன்னும் நன்றாக இருந்திருக்கும். தண்ணீர் கறுப்பாக உப்பிக்கொண்டு எழும்புவதைப் பார்த்த மகள், இதுக்கு மேலதான் நாம நின்னோமா என்று கேட்டாள்.

கால் தெம்பு இருந்தால் நடைபாதையும் உண்டு. ஊரிலிருந்து வடக்கே நெடுஞ்சாலை 19-ல் 17 கிலோமீட்டர் போனால் ரிப்பிள் ராக் பாதை தொடங்கும் இடம், போக வர 8 கிலோமீட்டர், டிக்கெட் கிடையாது. வழியில் ஒரு தொங்குபாலம், கடைசியில் செங்குத்தான படிகள். மேலே பாறைத்திட்டில் உட்கார்ந்தால் இடுக்கு முழுதும் காலடியில். ஆனால் இதற்கும் அதே நிபந்தனைதான், நீரோட்டம் உச்சத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து ஏறுங்கள். மேலே எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவர், இந்தப் பாறையை உடைக்கக் கூடாது என்று அந்தக் காலத்தில் ஒரு கூட்டம் எதிர்த்ததைச் சொன்னார். பெருநிலத்திலிருந்து தீவுக்குப் பாலம் போட இது நடுத்தூணாக உதவும் என்பது அவர்கள் கனவு. பாம்பன்காரனுக்கு அந்த ஆசை நன்றாகவே புரிகிறது.

முதல் நிறுவனத்துக்கு ஐந்துக்கு ஒன்று. இரண்டாவதுக்கு நாலரை, ஒலிபெருக்கி வைத்தால் ஐந்து. போன் செய்யும்போது நீங்கள் கேட்க வேண்டியது: அன்றைக்கு நீர் நிற்கும் நேரம் என்ன, அதற்கு எத்தனை நிமிடம் முன்னால் அங்கே இருப்போம், திரும்பிய பிறகு எவ்வளவு நேரம் நிற்போம், அன்றைய உச்ச வேகம் எத்தனை நாட். 10 நாட்டுக்கு மேல் இருக்கிற நாளாகப் பார்த்து எடுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அடுத்த இடத்துக்குப் போன் போடுங்கள்.

அடுத்த ஆகஸ்ட்டில் அப்பா இங்கே வருகிறார். குதிரை இருக்கையில் அவரால் உட்கார முடியுமா என்று கேட்டு எழுதினேன், படகோட்டும் சக்கரத்துக்குப் பக்கத்தில் சாய்மானம் வைத்த இருக்கை ஒன்று இருக்கிறது, அவருக்கு எடுத்து வைக்கிறோம் என்று பதில் வந்திருக்கிறது. ஆழம் காட்டும் திரையில் அந்தப் பார் எழும்பி வருவதை அவர் பார்க்க வேண்டும்.